தாடை நோவுன்னு வர்ற வயசானவங்ககிட்ட டெம்பரல் ஆர்ட்டரைட்டிஸை புடிக்கிறது எப்படி: பல் கிளினிக்குக்கான முழு வழிகாட்டி

மலையகத்து ஆஸ்பத்திரிகள்ல பல் கிளினிக்குக்கு புதுசா போஸ்டிங் கிடைச்சு வர்ற டென்டல் சர்ஜன்மாருக்கு, டவுன்ல தனியா கிளினிக் வச்சிருக்கிறவங்களுக்கு, தோட்டத்து டிஸ்பென்சரியில முதல் ஆளா நோயாளியை பார்க்கிற ஈ.எம்.ஏ.மாருக்குத்தான் (எஸ்டேட் மெடிக்கல் அசிஸ்டன்ட்) இதை எழுதுறேன். டெம்பரல் ஆர்ட்டரைட்டிஸ்னா தலைக்கும் முகத்துக்கும் போற ரத்தக்குழாயோட சுவர் அழற்சி புடிச்சு வீங்கி உள்துவாரம் சுருங்கிப் போறது. ஜயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ்னு புத்தகத்துல இருக்கிறதும் இதுதான். நம்ம ஆளுங்களுக்கு இது அடிக்கடி வர்ற வருத்தம் இல்ல, வட ஐரோப்பாக்காரங்களுக்குத்தான் அதிகம், ஆனா வரவே வராதுன்னு இல்ல, வந்து கவனிக்காம விட்டா ஏறத்தாழ 5 பேருல ஒருத்தருக்கு கண் பார்வை போகுது, போன பார்வை அநேகமா திரும்புறதில்ல.

இதுல பல் டொக்டருக்கு என்ன வேலைன்னா, இந்த வருத்தக்காரங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு மெல்லும்போது தாடை கடுக்கும், தாடை கடுத்தா அவங்க கண் டொக்டர்கிட்ட போகமாட்டாங்க, நம்ம கதிரையிலதான் வந்து உக்காருவாங்க. புதுசா வர்றவங்க தடுமாறுறது அறிவு இல்லாம இல்ல, வரிசை மாறிப் போறதாலதான். வாயைத் திறக்கச் சொன்னதும் ஒரு சொத்தைப் பல்லு தெரியும், அதோட கேள்வி எல்லாம் நின்னுரும். அதனால கீழ உள்ள வரிசையை மாத்தாம செய்ங்க, பல்லு கடைசியிலதான்.

1. முன்கூட்டியே கிளினிக்ல இருக்க வேண்டியது

பெரிய சாமான் ஒண்ணும் வேணாம். பி.பி. மெஷின், டோர்ச், செக்கன் முள்ளு உள்ள மணிக்கூடு, கண் பார்வை பார்க்கிற சார்ட், சார்ட் இல்லாட்டி பொடி எழுத்து பெரிய எழுத்து ரெண்டும் இருக்கிற ஒரு தமிழ்ப் பேப்பர், சீனி இல்லாத சுவிங்கம் ஒரு பாக்கெட். எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டிமார் நிறைய வருவாங்க, அவங்களுக்கு விரலைக் காட்டி எண்ணச் சொன்னா போதும்.

இதைவிட முக்கியம் போன் நம்பர். உங்க ஆஸ்பத்திரி ஓ.பி.டி., வீ.பி. (விசிட்டிங் பிசிசியன், பொது வைத்திய நிபுணர்) இருக்கிற பக்கத்து பெரிய ஆஸ்பத்திரி வாட்டு, கண் வாட்டு, இது மூணையும் பேப்பர்ல எழுதி மேசைக்கு மேல ஒட்டிருங்க. நுவரெலியாவா, கண்டியா, பதுளையா, உங்க இடத்துல இருந்து எது கிட்டன்னு இப்பவே முடிவு பண்ணி வைங்க, அங்க கண் சர்ஜன் எந்த நாள்ல இருப்பார்னும் கேட்டு வைங்க. ஆளை கதிரையில வச்சுக்கிட்டு நம்பர் தேடினா அரை மணித்தியாலம் போயிரும், அதுக்குள்ள கடைசி பஸ்ஸு போயிரும்னு பாட்டி எந்திரிச்சிருவாங்க. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாம வரும், அந்த நம்பரையும் சேர்த்து எழுதுங்க.

2. முதல் வேலை: வயசு

கிளினிக் துண்டுல வயசைப் பாருங்க. 50க்கு கீழன்னா இந்த வருத்தம் இல்லைன்னே வச்சுக்கலாம், வழக்கமா பார்க்கிற மாதிரி பாருங்க. 50க்கு மேலன்னா அடுத்த கேள்விக்குப் போங்க, 70 தாண்டினா இன்னும் கவனமா கேளுங்க, ஏன்னா 70க்கும் 80க்கும் இடையிலதான் இது கூட வருது. ஆம்பளைங்களை விட பொம்பளைங்களுக்கு ரெண்டு மூணு மடங்கு அதிகம்.

துண்டுல இருக்கிற வயசை அப்படியே நம்பாதீங்க. ஐ.சி.யை (அடையாள அட்டையை) வாங்கிப் பாருங்க, வயசானவங்க பலபேர் குத்துமதிப்பா ஒரு வயசைச் சொல்லிருவாங்க.

3. மெல்லும்போது எப்ப நோகுது

இந்த வழிகாட்டியிலயே ஒரேயொரு பகுதியைத்தான் வாசிப்பீங்கன்னா இதை வாசிங்க.

மெல்லுற தசைக்கு ரத்தம் கொண்டு போற குழாய் சுருங்கியிருக்கு. சும்மா இருக்கும்போது வர்ற ரத்தம் போதும், மெல்ல ஆரம்பிச்சா தசைக்கு கூட ரத்தம் வேணும், குழாய்ல வராது, அதனால கொஞ்ச நேரம் மென்ன பிறகு கடுக்க ஆரம்பிக்கும், நிப்பாட்டினா ரெண்டு மூணு நிமிசத்துல தானா போயிரும், திரும்ப மென்னா திரும்ப வரும். ரோட்டுல இருந்து லயத்துக்கு படி ஏறும்போது கெண்டைக்கால் புடிச்சு, நின்னா விடுதில்லையா, அதே கணக்குதான். பல்லு நோவு இப்படி இருக்காது. சொத்தைப் பல்லு முதல் கடியிலயே சுள்ளுன்னு இழுக்கும், குளிர்ந்த தண்ணி பட்டா இழுக்கும், ராத்திரி படுத்தா கூடும்.

ஆனா 'மெல்லும்போது நோகுதா'ன்னு மட்டும் கேட்டா எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க, அந்தப் பதில்ல ஒரு பிரயோசனமும் இல்ல. நேரத்தைக் கேக்கணும். நான் ஜூனியர்மாருக்கு சொல்லிக் குடுக்கிறது ரொட்டிக் கேள்வி. தோட்டத்து தேங்காய் ரொட்டி நல்லா மெல்ல வேண்டிய சாப்பாடு, அதோட எல்லா வீட்டுலயும் இருக்கும்.

"பாட்டி, காலையில ரொட்டி சாப்புடுறீங்களே, முதல் வாயிலயே நோகுதா, இல்ல பாதி ரொட்டிக்கு மேலதான் நோகுதா?"

"முதல்ல ஒண்ணும் இல்லைங்கய்யா, பாதியில தாடை அசந்துரும், கொஞ்சம் வச்சிட்டு தேத்தண்ணி குடிச்சிட்டு திரும்பத் திம்பேன்."

இந்த மாதிரி ஒரு பதில் வந்தா பேனையை எடுத்து கொப்பியில எழுதுங்க, அவங்க சொன்ன வார்த்தையிலயே எழுதுங்க.

வெத்தில போடுறவங்ககிட்ட இன்னும் லேசு. முன்ன எல்லாம் ஒரு வாய் வெத்திலயை எவ்வளவு நேரம் சப்புவீங்க, இப்ப எவ்வளவு நேரம் முடியுது, எத்தனை நாளா இப்படின்னு கேளுங்க. நாப்பது வருசமா வெத்தில போட்டவங்க ரெண்டு மாசத்துக்குள்ள கைவிட்டா காரணம் இருக்கும். சிலபேர் நோவுன்னே சொல்லமாட்டாங்க, 'தாடை இழுக்குது', 'அலுத்துப் போகுது', 'விறைக்குது'ன்னுவாங்க, அதையும் கணக்குல எடுங்க. இன்னும் சிலர் தன்னை அறியாமலே கஞ்சிக்கும் ஊற வச்ச பாணுக்கும் மாறியிருப்பாங்க, நோவு இல்லைன்னு சொல்லுவாங்க, ஏன்னா இப்ப அவங்க மெல்லுறதே இல்ல. அதனால என்ன சாப்புடுறீங்கன்னும் கேக்கணும். நாக்கு நோகுதான்னும் கேளுங்க, கதைச்சுக்கிட்டே இருக்கும்போது நாக்கு தளந்து கடுக்கிறதும் இதே காரணத்தால வரலாம்.

பதில் தெளிவா வராட்டி சுவிங்கம் ஒண்ணு குடுங்க. செக்கனுக்கு ஒரு தடவைங்கிற கணக்குல 3 நிமிசம் மெல்லச் சொல்லுங்க, மணிக்கூட்டைப் பார்த்துக்கிட்டு நோவு எப்ப தொடங்குது, நிப்பாட்டினா எவ்வளவுல போகுதுன்னு எழுதுங்க. லேசா அலுப்பு எல்லாருக்கும் வரும், அது இல்ல நமக்கு வேண்டியது, நோவு வந்து நிப்பாட்ட வேண்டிய நிலைமை வரணும். பல்செட் கட்டினவங்களுக்கு செட்டு ஒழுங்கா பொருந்தாட்டி இந்த டெஸ்ட்டை நம்பாதீங்க. டெஸ்ட்ல ஒண்ணும் வராட்டி வருத்தம் இல்லைன்னு முடிவு பண்ணவும் கூடாது. கண்ணுல ஏதாவது மாற்றம்னு ஏற்கனவே சொல்லியிருந்தா சுவிங்கம் குடுத்து நேரத்தை வீணாக்காம நேரா 8ஆம் பகுதிக்குப் போங்க.

4. தலை, கண்ணு, தோள்: கேக்க வேண்டிய மத்த கேள்விகள்

தலையிடி இருக்கான்னு கேட்டா நம்ம ஊர்ல யாருக்குத்தான் இல்ல, பனிக்கு, வெயிலுக்கு, பசிக்கு எல்லாத்துக்கும் தலையிடிதான். அதனால புதுசா வந்ததா, இதுக்கு முன்ன வந்த தலையிடியை விட வேற மாதிரியா, இப்படிக் கேளுங்க. நெத்திப்பொட்டுப் பக்கம்னா சந்தேகம் கூடும். குளிர்காத்து பட்டதுன்னு சித்தாலேப தைலம் பூசி துணியைக் கட்டிக்கிட்டு வந்திருப்பாங்க, துணியை அவிழ்த்துப் பாருங்க.

தலைத்தோல் தொட்டா நோகுதாங்கிற கேள்வியை தோட்டத்துல கேக்கிற விதமே வேற. சீப்பு வச்சா நோகுதா, கொண்டை போட்டா நோகுதா, தலகாணியில அந்தப் பக்கமா படுக்க முடியுதா. இன்னமும் கைக்காசுக்கு கொழுந்து எடுக்கப் போறவங்கன்னா கூடைக் கயிறு தலையில பட்டா தாங்க முடியுதான்னு கேளுங்க, விறகு சுமக்கிறவங்கன்னா சும்மாட்டை வைக்க முடியுதான்னு. வருசக்கணக்கா கயிறு அழுத்தின தலைக்கு திடீர்னு அது பொறுக்கலைன்னா அதை லேசா விடாதீங்க.

கண்ணைப் பத்தி தானா சொல்லமாட்டாங்க, பல் டொக்டர்கிட்ட கண்ணைப் பத்தி எதுக்குன்னு நினைப்பாங்க. ஒரு கண்ணு கொஞ்ச நேரம் இருட்டி திரும்ப வந்துச்சா, ரெண்டு ரெண்டா தெரிஞ்சுச்சா, பார்வையில ஒரு பக்கம் மறைஞ்சுச்சா, நிமிசக் கணக்குல வந்து போனது கூட முக்கியம்னு விளக்கிச் சொல்லி கேளுங்க. 'கண்ணுல பூ விழுந்திருச்சு'ன்னு அவங்களே முடிவு பண்ணியிருப்பாங்க. கண்ணுல பூ (கெட்டரக்ட்) மாசக்கணக்கா மெதுவா மங்கும், நேத்து தெரிஞ்சது இன்னைக்கு தெரியலைன்னா அது பூ இல்ல. கண் நரம்போட தலைப்பகுதிக்கு ரத்தம் குடுக்கிற சின்னக் குழாய்கள் அடைபட்டாத்தான் பார்வை போகுது, அது வலி இல்லாமலே நடக்கும், ஒரு கண்ணு போனா மருந்து இல்லாட்டி மத்தக் கண்ணும் சில நாள்ல இருந்து ரெண்டு வாரத்துக்குள்ள போகலாம்.

தோள் நோவு. கொழுந்து எடுத்த தோளுக்கு நோவு பழசுதான், அதனால புது மாற்றத்தைக் கேளுங்க: காலையில எந்திரிக்கும்போது ரெண்டு தோளும் இடுப்பும் விறைச்சுப் போய் முக்கால் மணித்தியாலத்துக்கு மேல ஆகுதா, கையைத் தூக்கி சட்டை போட கஷ்டமா. இந்த வருத்தக்காரங்கள்ல பாதிப் பேருக்கு கிட்ட இது கூடவே இருக்கும். கடைசியா காய்ச்சல், சாப்பாடு இறங்காம மெலிஞ்சு போறது, ராத்திரி வேர்க்கிறது. தினமும் பனடோல் போடுறவங்களுக்கு காய்ச்சல் தெரியாமலே போயிரும்.

5. விரலை நெத்திப்பொட்டுல வைங்க

காதுக்கு முன்னால, கன்ன எலும்பு காதுகிட்ட தொடங்குற இடத்துல ரெண்டு விரலை மெதுவா வைங்க, நாடி துடிக்கும். அங்க இருந்து மேல போய் நெத்திப் பக்கமா ஒரு கிளை பிரியும், அதைத் தொடர்ந்து போங்க. ரெண்டு பக்கமும் ஒப்பிடுங்க. குழாய் தடிச்சு கயிறு மாதிரி உருளுதா, முடிச்சு முடிச்சா இருக்கா, தொட்டா நோகுதா, ஒரு பக்கத்துல துடிப்பு இல்லையா. அழுத்தினா துடிப்பு உங்க விரலாலயே நின்னுரும், அதனால லேசா வைங்க. வயசானவங்களுக்கு குழாய் வெளிய புடைச்சுத் தெரியிறது மட்டும் பெரிய விசயம் இல்ல, நோவும் தடிப்பும் துடிப்புக் குறைவும்தான் விசயம். எல்லாம் சாதாரணமா இருந்தாலும் வருத்தம் இல்லைன்னு ஆகாது, குழாய்ல இடைவிட்டு இடைவிட்டுத்தான் அழற்சி இருக்கும்.

தலைத்தோல்ல எங்கயாவது கறுத்து புண்ணாகியிருக்கான்னு முடியை விலக்கிப் பாருங்க. பி.பி. ரெண்டு கையிலயும் எடுங்க, வித்தியாசம் பெருசா இருந்தா எழுதுங்க, கைக்குப் போற பெரிய குழாயும் பாதிச்சிருக்கலாம். ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியா மூடி பார்வையைப் பாருங்க. ரெண்டு கண்ணையும் திறந்து வச்சுப் பார்த்தா நல்ல கண்ணு கெட்ட கண்ணை மறைச்சிரும், இது ஜூனியர்மார் தவறாம விடுற பிழை.

6. இப்ப வாயைத் திறக்கச் சொல்லுங்க

வயசான வெத்தில வாயில ஒரு கெட்ட பல்லாவது இல்லாம இருக்காது, முரசு (ஈறு) கரைஞ்சு வேர் தெரியும், ஒண்ணு ரெண்டு ஆடும். கேள்வி பல்லு கெட்டிருக்கா இல்லையாங்கிறது இல்ல, இந்த நோவை இந்தப் பல்லுதான் குடுக்குதாங்கிறதுதான். தட்டிப் பாருங்க, குளிர் வச்சுப் பாருங்க, எக்ஸ்ரே எடுங்க. பல்லைத் தட்டும்போது பாட்டி சொன்ன அதே நோவு வரணும், வராட்டி அந்தப் பல்லு இன்னொரு நாளைக்கு.

சந்தேகமா இருந்தா விறைக்கிற ஊசி உதவும். ஊசி நல்லா வேலை செஞ்சு உதடு விறைச்ச பிறகும் மென்னா அதே இடத்துல கடுக்குதுன்னா பல்லு மேல பழி போட முடியாது.

நாக்கையும் பாருங்க, வெளிறியோ நீலம் பாரிச்சோ புண்ணாகியோ இருந்தா நாக்குக்கு ரத்தம் குறைஞ்சிருக்கலாம், அபூர்வம்தான் ஆனா பார்க்க அஞ்சு செக்கன் போதும்.

7. இதை மாதிரியே வர்ற மத்த வருத்தங்கள்

தாடை மூட்டு நோவு: இளம் ஆளுங்களுக்கு கூட, வாயை அகலத் திறந்தா நோகும், டக்குன்னு சத்தம் கேக்கும், மெல்லுறதை நிப்பாட்டினாலும் மணித்தியாலக் கணக்கா கடுத்துக்கிட்டே இருக்கும். 65 வயசுல முதல் தடவையா மூட்டு நோவுன்னு ஒருத்தர் வந்தா அந்த முடிவுக்கு அவசரமா போகாதீங்க.

வெத்தில பாக்கால வாய் இறுகிப் போற சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் நம்ம பக்கம் நிறைய. அதுல வாய் திறக்கிறது குறையும், உறைப்பு பட்டா எரியும், கன்னத்து உள்பக்கம் வெளிறி வார் மாதிரி கையில தட்டுப்படும். வாய்ப் புத்துநோயும் தாடையைப் பூட்டும், அதையும் தேடித்தான் ஆகணும். ஆனா வார் தட்டுப்பட்டதும் நிப்பாட்டிராதீங்க, ஒரே ஆளுக்கு ரெண்டும் இருக்கக் கூடாதுன்னு சட்டம் இல்ல.

முகநரம்பு நோவு கரண்ட் அடிச்ச மாதிரி செக்கன் கணக்குல வரும், முகம் கழுவினாலோ காத்துப் பட்டாலோ கிளம்பும்.

மலையகத்துல கட்டாயம் பிரிச்சுப் பார்க்க வேண்டியது நெஞ்சு வருத்தம். ஏத்தம் ஏறும்போது தாடை கடுத்து நின்னா விடுதுன்னா அது இருதயம், மெல்லுறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. 'நடந்தா வருதா, மென்னா வருதா'ன்னு ஒரே ஒரு கேள்வி போதும். நடந்தா வருதுன்னா அன்னைக்கே ஈ.சி.ஜி.

8. யாரை, எப்ப, எங்க அனுப்புறது

50க்கு மேல, பார்வையில ஏதாவது மாற்றம், கூட தாடைக் கடுப்போ புதுத் தலையிடியோ இருக்கு: இது எமர்ஜென்சி. நேரம் பார்க்காம ஓ.பி.டி. டொக்டரைக் கூப்பிடுங்க, வீ.பி.யோட போன்ல கதைங்க, முதல் டோஸ் ஸ்டெராய்டு (அழற்சியை அடக்குற மருந்து) குடுத்துத்தான் அம்புலன்ஸ்ல ஏத்தணும்னு கேளுங்க. ஹட்டன்ல இருந்து கண்டிக்கு மழைநாள்ல எவ்வளவு நேரம் ஆகும்னு உங்களுக்குத் தெரியும், அந்த நேரம் கண்ணுக்கு இல்ல.

50க்கு மேல, மென்னா கடுக்குது நிப்பாட்டினா போகுதுங்கிற கதை தெளிவா இருக்கு, கண்ணுல ஒண்ணும் இல்ல: அதே நாள்ல ஒரு டொக்டர் பார்க்கணும். அடுத்த கிளினிக் நாள், அடுத்த வாரம்னு சொல்லக் கூடாது. தாடைக் கடுப்பு இருக்கிறவங்களுக்கு கண்ணு பாதிக்கிற ஆபத்து மத்தவங்களை விட கூட.

நோவு கதை அரைகுறை, ஆனா புதுத் தலையிடி, தலைத்தோல் நோவு, காலை விறைப்பு இதுல ஒண்ணு ரெண்டு இருக்கு: இதுவும் அன்னைக்கே கதைக்க வேண்டியதுதான், அந்த டொக்டர் ரத்தம் பார்த்து முடிவு பண்ணுவார்.

லெட்டரை நீட்டாதீங்க. முதல் வரியிலயே டெம்பரல் ஆர்ட்டரைட்டிஸ் சந்தேகம், இன்னைக்கே பார்க்கணும்னு எழுதி கீழ கோடு போடுங்க. அடுத்து வயசு, எத்தனை வாரமா, எத்தனை நிமிசத்துல கடுக்குது, கண்ணு எப்படி, நெத்திப்பொட்டுல என்ன பார்த்தீங்க, பல்லுல காரணம் இல்லைங்கிறதுக்கு என்ன செஞ்சு பார்த்தீங்க, சீனி, பிரஷர், காசநோய் ஏதாவது இருந்துச்சா. 'தாடை நோவு, தயவுசெய்து பார்க்கவும்'னு மட்டும் எழுதி அனுப்பினா அங்க அதைப் பார்த்துட்டு திரும்ப பல் கிளினிக்குக்கே அனுப்புவாங்க, அதுல ஒரு வாரம் போயிரும்.

பாட்டியை தனியா அனுப்பாதீங்க. போற இடத்துல சிங்களத்துல கேப்பாங்க, பாட்டி பல்லு நோவுன்னுவாங்க, எல்லாம் அங்கயே முடிஞ்சிரும். மகனையோ மருமகளையோ கூப்பிட்டு, இது பல்லு இல்ல, கண்ணு போகக்கூடிய வருத்தம், இன்னைக்கே போகணும்னு நேரா சொல்லுங்க. பயமுறுத்தக் கூடாதுன்னு மென்று முழுங்கிச் சொன்னா நாளைக்கு பெரட்டு (வேலைக்கு ஆள் கூடுறது) இருக்கு, நாளன்னைக்கு சம்பள நாள்னு தள்ளிப் போகும். பெரிய ஆஸ்பத்திரிக்கு நீங்களே போன் பண்ணி இன்னார் வர்றாங்கன்னு சொல்லிட்டா இன்னும் நல்லது.

9. ரத்தமும் ஸ்டெராய்டும்: நீங்க தெரிஞ்சிருக்க வேண்டிய அளவு

ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. (ரெண்டும் உடம்புல அழற்சி இருந்தா கூடுறது), எஃப்.பி.சி. (ரத்த அணுக்களோட எண்ணிக்கை) மூணுக்கும் ரத்தத்தை ஸ்டெராய்டுக்கு முன்னால எடுத்தா நல்லது, ரிப்போர்ட் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கத் தேவையில்ல. ஈ.எஸ்.ஆர். 50க்கு மேலன்னா சந்தேகம் வலுக்கும், பிளேட்லெட் கூடியிருக்கும், ரத்தம் கொஞ்சம் குறைஞ்சிருக்கும். ஆனா ஈ.எஸ்.ஆர். காசநோய்க்கும் கூடும், ரத்தக் குறைவுக்கும் கூடும், பல்லுல சீழ் கட்டியிருந்தா சி.ஆர்.பி.யும் கூடும். சில பேருக்கு ஈ.எஸ்.ஆர். சாதாரணமா இருந்துக்கிட்டே இந்த வருத்தம் இருக்கும்.

கண்ணு பாதிக்காதவங்களுக்கு பிரெட்னிசொலோன் 40ல இருந்து 60 மில்லிகிராம், தாடைக் கடுப்பு இருந்தா 60 பக்கம் போவாங்க. கண்ணு பாதிச்சிருந்தா மெதைல்பிரெட்னிசொலோன் 500 மில்லிகிராம்ல இருந்து 1 கிராம் வரைக்கும் நாளுக்கு ஒரு தடவை, 3 நாள் வரைக்கும் சேலைன்ல ஏத்துவாங்க, அது உடனே கிடைக்காட்டி குளிசையாவது அந்த இடத்துலயே தொடங்குவாங்க. டோஸை முடிவு பண்றது வீ.பி., நீங்க தெரிஞ்சு வச்சிருக்கிறது பாட்டி உங்ககிட்ட வந்து கேக்கும்போது பதில் சொல்ல. 5 மில்லிகிராம் குளிசைன்னா 60க்கு 12 குளிசை ஒரே நேரத்துல முழுங்கணும், அதைப் பார்த்து பயந்து ரெண்டு ரெண்டா குடிக்கிறவங்க உண்டு, அதை முன்னாடியே சொல்லி வைங்க.

ஸ்டெராய்டு குடுத்துட்டா பயொப்சி பிழையாயிருமேன்னு பலபேர் தயங்குறாங்க. நெத்திப்பொட்டுக் குழாய்ல எடுக்கிற துண்டுல அழற்சி ரெண்டு வாரம் வரைக்கும், சிலநேரம் அதுக்கும் மேல தெரியும், அதனால மருந்து முதல்ல, துண்டு பிறகு. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்ல குழாயைச் சுத்தி தெரியிற கறுப்பு வளையம்தான் ஸ்டெராய்டு தொடங்கி சில நாள்லயே மங்கிரும், ஸ்கேன் வசதி இருந்தா அதை கெதியா எடுக்கச் சொல்லலாம்.

ஒரு விசயம் நம்ம தோட்டங்களுக்கே உரியது. செருப்பில்லாம மண்ணுல வேலை செஞ்சவங்களுக்கு ஸ்ட்ரொங்கிலொய்டிஸ் புழு வருசக்கணக்கா வயித்துல இருக்கலாம், கூடின ஸ்டெராய்டுல அது உடம்பு முழுக்கப் பரவி உயிருக்கே ஆபத்தாகும். இதை லெட்டர்ல ஒரு வரி எழுதுங்க, வாட்டுல பார்த்துக்குவாங்க. இதுக்காக முதல் டோஸைத் தள்ளிப் போடக் கூடாது.

10. திரும்பத் திரும்ப பார்க்கிற பிழைகள்

பல்லு புடுங்கிட்டு பார்ப்போம்ங்கிறது முதல் பிழை. புடுங்கின பிறகு நோவு இருக்கத்தான் செய்யும், காயம் ஆற நோகுதுன்னு ரெண்டு வாரம், பக்கத்துப் பல்லுன்னு இன்னும் ரெண்டு வாரம். வந்த ஆளுக்கு பல்லும் போய் கண்ணும் போயிரும்.

அன்டிபயோட்டிக்கும் நோவுக் குளிசையும் குடுத்து 2 வாரத்துல வாங்கன்னு சொல்றது அடுத்தது. இந்த நோவு தானாவே கூடிக் குறைஞ்சு வரும், குறைஞ்ச நேரத்துல மருந்து வேலை செஞ்சிருச்சுன்னு எல்லாரும் நம்பிருவாங்க.

எனக்கு கூட எரிச்சல் தர்றது ஸ்டெராய்டு ஊசி. வீக்கத்துக்குன்னு எங்கயாவது டெக்ஸாமெதசோன் ஒண்ணு ரெண்டு ஊசி போட்டுட்டு வருவாங்க, நாலு நாளைக்கு நோவு மாயமா போயிரும், பிறகு திரும்பும். ஊசி போட்டீங்களா, போட்டா எவ்வளவு நாள் சுகமா இருந்துச்சுன்னு கட்டாயம் கேளுங்க, அந்தப் பதில் பல எக்ஸ்ரேயை விட பிரயோசனம்.

இந்த வருத்தத்துக்கு 1990லயும் 2022லயும் வந்து புத்தகத்துல இருக்கிற அளவுகோல்களோட புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து, போதுமான புள்ளி வரலைன்னு வீட்டுக்கு அனுப்புறதும் நடக்குது. அந்த அளவுகோல்கள் ஆராய்ச்சியில நோயாளிகளை வகைப்படுத்த செஞ்சது, கதிரையில இருக்கிற பாட்டியை வீட்டுக்கு அனுப்பலாமான்னு தீர்மானிக்க இல்ல.

பல்லே இல்லாதவங்க தாடை நோவுன்னா பல்செட்டை ராவுறது இன்னொண்ணு. செட்டு குத்தினா கடிச்ச உடனே நோகும், முரசுல செவப்பு தெரியும். செவப்பே இல்ல, பாதிச் சாப்பாட்டுல நோகுதுன்னா ராவுறதை நிப்பாட்டுங்க.

11. மருந்தோட திரும்பி வரும்போது

ஸ்டெராய்டு தொடங்கினா சில நாள்லயே தாடை லேசாகும். ஒரு வாரம் தாண்டியும் ஒரு மாற்றமும் இல்லைன்னா வேற வருத்தமான்னு யோசிக்கச் சொல்லி வாட்டுக்கு எழுதுங்க.

தள்ளி வச்ச பல்லு வேலையை இப்ப எடுக்கணும், அதுக்கும் வரிசை இருக்கு. ஸ்டெராய்டால எலும்பு தேயாம இருக்க அலென்ட்ரோனேட் மாதிரி குளிசை குடுப்பாங்க, அது போட்டுக்கிட்டே பல்லு புடுங்கினா சிலருக்கு தாடை எலும்பு ஆறாம செத்துப் போகலாம். அதனால புடுங்க வேண்டிய பல்லு எதுன்னு முதல்லயே வீ.பி.க்கு எழுதி, முடிஞ்சா அந்தக் குளிசை தொடங்குறதுக்கு முன்னால புடுங்கி முடிங்க. அஸ்பிரின் போடுறாங்களா, ஸ்டெராய்டால சீனி ஏறியிருக்கான்னு பார்த்துத்தான் ஊசி. வாய்ல வெள்ளையா பூஞ்சணம் படியிறது அடிக்கடி வரும், பல்செட்டை ராத்திரி கழட்டி வைக்கச் சொல்லுங்க.

பல்லு புடுங்குற அன்னைக்கு ஸ்டெராய்டு குடிக்காம வந்திருந்தா புடுங்காதீங்க, அன்னைக்குரிய குளிசையைக் குடிச்ச பிறகுதான். மாசக்கணக்கா கூடின டோஸ் எடுத்தவங்க திடீர்னு நிப்பாட்டினா பிரஷர் விழுந்து மயங்கிருவாங்க. இந்த மருந்து பொதுவா ஒண்ணு ரெண்டு வருசம் போகும், கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைப்பாங்க, குறைக்கும்போது வருத்தம் திரும்புறது சகஜம். அப்ப அவங்க முதல்ல வர்றது அநேகமா உங்ககிட்டத்தான், 'பழையபடி ரொட்டி மெல்ல முடியலை'ன்னு. அன்னைக்கும் பல்லைப் பார்க்கிறதுக்கு முன்னால கிளினிக் கொப்பியைத் திறந்து டோஸ் எப்ப குறைச்சாங்கன்னு பார்த்துட்டு வாட்டுக்குப் போன் பண்ணுங்க.